கொண்டை ஊசியைவிடச் சின்னது

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.
துப்பாக்கி வெடித்த மாதிரி என்பார்கள்.
எங்களுக்கு வெடிக்கவில்லை.
இடப்பக்கக் கம்பி தன் பிடியை விட்டது.
பதினான்கு மீட்டர் அலுமினியம்
யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது,
பிறகு வலப்பக்கம் சாய்ந்து
கடலில் படுத்துக்கொண்டது.

ஃபயால் தீவிலிருந்து எழுபது மைல்.
அதிகாலை மூன்றேகால்.
யூரிகோ காப்பிக் கெட்டிலோடு படியில் நின்று
மேலே பார்த்தான்.
பாய் மறைத்திருந்த இடமெல்லாம்
நட்சத்திரம்.
"எஞ்சினைத் தொடாதே" என்று சுல்மீரா கத்தியபோது
தொட்டுவிட்டிருந்தான்.
நீரில் கிடந்த தாமான் கயிறு விசிறியில் சுற்றி இறுக,
ஒரு தும்மல். அவ்வளவுதான்.

மரம் போனால் படகு அமைதியாகிவிடும் என்று
எப்படியோ நினைத்திருந்தேன்.
விழப்போகிற பல்லைப்போல ஆடியது.
ஒவ்வோர் அலைக்கும்
முறிந்த முனை வந்து பக்கச்சுவரைத் தட்டியது,
கடன்காரன் தட்டுவதுபோல்,
முதலில் மரியாதையாக,
பிறகு கதவு பெயர.
உண்மையிலேயே கடன்தான்.
அந்த மரத்துக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி.

"வெட்டு" என்றாள்.
பாயோடு, விளக்கோடு,
உச்சியிலிருந்த ரேடியோக் கம்பியோடு.
நான் ரம்பம் பிடித்தேன், யூரிகோ என் இடுப்பைப் பிடித்தான்.
மணிக்கட்டில் எங்கோ கிழிந்திருக்கிறது,
விடிந்துதான் தெரிந்தது.
கடைசிக் கம்பி அறுந்ததும் எல்லாம் ஒரேயடியாக,
வழுக்கிக்கொண்டு,
கீழே,
இரண்டாயிரம் மீட்டர் கீழே.
இருட்டில் ககார்ரா பறவைகள்
கைக்குழந்தைபோலக் கதறிக்கொண்டு எங்களைச் சுற்றின.
படகின் பெயரும் அதுவே.

பகலில் பருமலை நிமிர்த்தி
மிஞ்சிய அடிக்கட்டையோடு கட்டினோம்.
ஆஞ்சானுக்குத் துணிக்கொடிக் கயிறு.
புயல்பாயைப் பக்கவாட்டில் திருப்பி ஏற்றினோம்:
கோவணம் கட்டிய யானை என்றான் யூரிகோ,
யாரும் சிரிக்கவில்லை, அரைமணி கழித்து
சுல்மீரா மட்டும் சிரித்தாள்.
மேல்காற்று தள்ள, மணிக்கு இரண்டு மைல்.
ஊறவைத்த பிஸ்கட். மீன் டின். மறுபடி மீன் டின்.

இதுவரை சொல்லாதது ஒன்று.

ஏப்ரலில் அந்த இடப்பக்கக் கம்பியை மாட்டியவன் நான்.
காட்டர் பின்னைச் செருகினேன்.
கால் இரண்டையும் விரித்துவிட வேண்டும்.
போன் அடித்தது.
ஏதோ டயர் விலை பேசினேன்.

அறுந்த கம்பி என்று அவர்கள் நினைத்ததை
நான் கண்ணால் பார்த்தேன்.
அறுந்திருக்கவில்லை.
வளையம் முழுசாக இருந்தது, துளை காலியாக இருந்தது.
சுல்மீராவும் டார்ச்சோடு
அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்,
ரொம்ப நேரம்.
பிறகு அதன் மேல் துண்டைப் போட்டாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம்
முகிலுக்கு மேலே பீக்கோ மலையின் முடி மட்டும் தெரிந்தது,
கீழே தரை இருப்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லாமல்.
ஓர்ட்டா துறையில்
இன்சூரன்ஸ்காரர் ஷூவைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்.
காரணம் என்ற கட்டத்தில்
"தெரியவில்லை" என்று எழுதினாள் அவள்.
நான் வாய் திறந்தேன்.
"பேனா எழுதவில்லை, வேறு இருக்கிறதா" என்று
என்னைப் பார்த்தாள்.
பேனா எழுதியது.

பணம் பாதிதான் வந்தது.
மீதிக்குத் தன் காரை விற்றாள். நான் கொடுத்ததை
வாங்கவில்லை; மறுமுறை கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள்.
அக்டோபரில் கிரேன், புது மரம், தூறல்.
அடிக்கம்பியெல்லாம் மாட்டி முடித்து
இடப்பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.
உள்ளங்கையை நீட்டினாள்.
அதில் ஒரு பின்.
"நீ போடு."
நின்று பார்க்கவில்லை, ரொட்டி வாங்கப் போனாள்.

போட்டேன். விரித்தேன். தொட்டுப் பார்த்தேன்.
போனைத் தண்ணீரில் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

அன்றிரவு தூக்கம் வராமல்
டார்ச்சோடு மறுபடி துறைக்குப் போனேன்.
பின்னின் மேல் வெள்ளை டேப், மூன்று சுற்று,
ஓரம் மடித்து ஒட்டியிருந்தது.

நான் டேப் சுற்றவில்லை.